முத்திரை இல்லாமல் கப்பல் ஏறாதே

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், மாடு கன்றுகூடச் சுகம். உன் உடம்பும் சுகமாக இருப்பதாகக் கடிதத்தில் கண்டேன். புத்திக்கு மட்டும் என்ன கேடு வந்தது என்றுதான் விளங்கவில்லை. ஈப்போவிலிருந்து நீ எழுதிய கடிதத்தைத் திருமயம் பஸ் ஸ்டாண்டில் நின்றே நாலு தடவை படித்தேன். உன் தங்கச்சி சிவகாமி கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவாயாம். திரும்ப மலாயாவுக்குள் நுழைவதற்கான முத்திரையைப் பாஸ்போர்ட்டில் குத்திக் கொடுக்க இமிகிரேஷன் ஆபீஸில் ஆறு வாரம் ஆகும் என்கிறார்களாம். கல்யாணத்துக்கு நாலு வாரம்தான் இருக்கிறதாம். ஆகவே துரை அதற்கெல்லாம் காத்திராமல் பினாங்கில் கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிவிடுவாராம். 'திரும்பிப் போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அப்பா' என்று வேறு எழுதியிருக்கிறாய். பிறகு யார் பார்ப்பது? அந்த ஆபீஸ் என்ன உன் மாமனார் வீடா, நீ எப்போது போனாலும் வாசலில் வந்து வரவேற்க? கப்பலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் ஒரு வாரத்தில் உன் கையில் கிடைக்கும். கிடைத்ததும் உட்கார்ந்து முழுக்கப் படி.

உன் கடிதத்தில் இன்னும் என்னென்ன வீரதீரங்கள்! இந்தியாவில் எடுத்த லைசென்ஸை வைத்துக்கொண்டே அங்கே லாரி ஓட்டுகிறாயாம், உள்ளூர் லைசென்ஸுக்கு இன்னும் எழுதிப் போடவில்லையாம், ஒருநாள் மறித்த போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னாராம். அவர் சிரித்தது உன் அழகைப் பார்த்தா? இன்னொரு நாள் வேறொரு போலீஸ்காரர் மறிப்பார், அவருக்குச் சிரிப்பு வராது. ஜாகை மாறி அஞ்சு மாசமாகியும் புது விலாசத்தை ஆபீஸில் போய்ச் சொல்லவில்லை என்றும் பெருமையாக எழுதியிருக்கிறாய். ரிப்போர்ட் செய்ய வேண்டிய தேதி தாண்டிப் போனதை ஏதோ புலியைத் தாண்டிப் போனதுபோல எழுதுகிறாய். உனக்குப் பெர்மிட் எடுத்துக் கொடுத்த முதலாளி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்கிறாய். முதலாளி லாரியைப் பார்த்துக்கொள்வார். லாரி ஓட்ட ஆள் வேண்டுமென்றால் நீ போன மறுநாளே இன்னொருத்தனைப் பார்த்துக்கொள்வார். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, முதலாளிகள் அப்படித்தான்.

இதையெல்லாம்கூட வாலிபக் கிறுக்கு என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதுதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது. 'நீங்கள் எங்களுக்காகச் சிலோனையே உதறிவிட்டு வந்தவர் அப்பா, நான் உங்கள் மகன்.' இதை எழுதும்போது உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். எனக்குப் படிக்கும்போது காது கூசியது. தம்பி, நான் சிலோனை உதறவில்லை. சிலோன்தான் என்னை உதறியது. அதுவும் எதற்காகத் தெரியுமா? ஒரு போட்டோவுக்காக. மூன்று போட்டோ கேட்ட இடத்தில் நான் இரண்டு கொண்டுபோயிருந்தேன். அவ்வளவுதான் உன் அப்பன் செய்த தியாகம்.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிவகாமிக்கு ஏழு. அப்பன் வராமல் பிள்ளைக்குக் காது குத்தமாட்டேன் என்று உன் ஆத்தா பிடிவாதமாக நின்றதில் ஏழு வயதுவரை அவள் மூளிக் காதோடு திரிந்தாள். நானோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவதும், வந்தால் நாள் சரியில்லை என்று தள்ளிப்போடுவதுமாக இருந்தேன். கடைசியில் ஆவணியில் நாள் வைத்துக் கடிதம் போட்டார்கள். நான் கண்டியில் தேயிலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சிலோனுக்குச் சுதந்திரம் வந்த பிறகு நம் ஆட்கள் எல்லாரும் அந்நியர் ஆகிவிட்டோம். தங்குவதற்குப் பெர்மிட், அதற்கு ஒரு கெடு, கெடு முடியுமுன் புதுப்பிக்க வேண்டும், ஊருக்குப் போவதென்றால் திரும்பி வர அனுமதி முத்திரை வாங்கிக்கொண்டு போகவேண்டும். கீரமங்கலத்துச் சின்னையா என்று என்னோடு இன்னொரு டிரைவர் இருந்தான். அவன் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு மாசத்துக்கு முன்பே ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான். காலையில் போய்ச் சாயங்காலம் வருவான், மறுநாளும் போவான். நான் அவனுக்கு 'முத்திரைச் சின்னையா' என்று பேர் வைத்து லாரி ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்க வைத்தேன். கள்ளத்தோணியில் வந்தவர்களைப் பற்றியும் அப்படித்தான் பேசுவேன். என்னிடம் லைசென்ஸ் இருந்தது, அதில் ஒரு கறுப்புப் புள்ளிகூடக் கிடையாது, அதை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கண்டி ராஜா போல நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னையா என்னிடம் சொன்னான். "அண்ணே, ஆவணியில போகணும்னா ஆனியிலயே எழுதிப் போட்ருங்க. அவெங்க ஒங்களுக்குன்னு தனியாக் கதவு தொறந்து வைக்க மாட்டாங்க."

"போடா, முத்திரை. பதினாலு வருசமா இந்த ரோட்டுல ஓட்டுறேன். எனக்கே வழி சொல்றியா?" என்றேன்.

கடைசியில் கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆபீஸுக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருபது முப்பது பேர், முக்கால்வாசிப் பேர் தோட்டத்துக் கூலிகள். அவர்களோடு நிற்பதே எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. கால் சட்டையும் ஷூவும் போட்டிருந்தேன் அல்லவா, அவர்கள் வெறுங்காலோடு நின்றார்கள். அதே முத்திரைக்குத்தான் அவர்களும் நின்றார்கள், நானும் நின்றேன் என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. என் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு சிங்களப் பையன், இருபத்தைந்து வயது இருக்கும். பாரத்தைப் பார்த்தான், போட்டோவை எண்ணினான். "மூணு வேணும். இன்னொண்ணு எடுத்துட்டு திங்கக்கிழமை வாங்க" என்று தமிழிலேயே சொன்னான். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "தொரைக்கே திங்கக்கிழமையாம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னை எரித்துவிட்டது. "இந்த ஊருல என் லாரி ஏறாத ரோடு கெடையாது. நீ யாருடா எனக்கு முத்திரை குத்த?" என்று கத்திப் பாரத்தைக் கிழித்து மேஜைமேல் போட்டேன். அந்தப் பையன் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. கிழிந்த காகிதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஆள் என்று என் தோளுக்கு மேலாகப் பார்த்துக் கூப்பிட்டான். போட்டோ ஸ்டூடியோ அடுத்த தெருவில்தான் இருந்தது, தம்பி. நடந்து போனால் ஐந்து நிமிஷம்.

அப்படியே வந்து கப்பல் ஏறினேன். காதுகுத்து ஜாம்ஜாமென்று நடந்தது. உனக்கு நினைவிருக்கும், ரேடியோ செட்டு வைத்து மூன்று நாள் ஊரையே செவிடாக்கினேன். சிலோன்காரர், சிலோன்காரர் என்று எல்லாரும் தலையில் வைத்துத் தாங்கினார்கள். பங்காளிகள் இருக்கிறார்களே, கறிச்சோறு உள்ளவரைக்கும் என்னைப் போல மனுஷன் உண்டா என்றார்கள். ஒரு மாசம் கழித்து மாலை மரியாதையோடு ரயில் ஏற்றிவிட்டார்கள். சிலோன் போகிறவர்களைச் சோதித்து அனுப்புகிற மண்டபம் கேம்ப்பில் சிலோன் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். முன்னும் பின்னுமாக இரண்டு தடவை புரட்டினார். "திரும்பிப் போக அனுமதி எங்கே?" என்றார். பதினாலு வருஷக் கதையைச் சொன்னேன். லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "இது வண்டி ஓட்டுறதுக்கு. நாட்டுக்குள்ள வர்றதுக்கு இல்ல" என்றார். நான் அங்கே அழுதேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எந்தக் கூலிகளோடு நிற்கமாட்டேன் என்றேனோ அவர்கள் முத்திரையைக் காட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குப் போனார்கள். நான் பெஞ்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. வெளியே வந்ததும் ஒரு தரகன் ஒட்டிக்கொண்டான். தோணி இருக்கிறது, விடிவதற்குள் அக்கரை என்றான். வாய்க்கு வாய் கள்ளத்தோணி என்று அடுத்தவனைக் கேலி செய்த இந்த யோக்கியன் அவனோடு கடற்கரைக்குப் போனேன். தோணியைப் பார்த்தேன். நம் ஊர்க் கண்மாயில் அதை விடுவதற்கே யோசிக்க வேண்டும், அந்தக் கடலில் எப்படி? வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். நேர்மை, நியாயம் என்று ஒன்றும் கிடையாது. தண்ணீருக்குப் பயந்து திரும்பினேன்.

நாலாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினேன். உன் ஆத்தா மாவு இடித்துக்கொண்டிருந்தவள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னங்க, திரும்பிட்டீங்க? ஒடம்புக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று கேட்டாள். நீயும் சிவகாமியும் அவளுக்குப் பின்னால் நின்றீர்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஒங்கள எல்லாம் விட்டுட்டுப் போக மனசு வல்ல. போதும் அந்தச் சிலோன்." எவ்வளவு லேசாக வந்தது பார். உன் ஆத்தா என் காலில் விழுந்து அழுதாள். நீ என் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, வல்லத்திராக்கோட்டை வரைக்கும் சொந்தக்காரர்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்காகச் சிலோனையே தூக்கி எறிந்த மகராசன் என்றார்கள். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மூஞ்சியை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிலோன் லைசென்ஸ் இங்கே செல்லாது, புதிதாகப் பரீட்சை கொடுக்க வேண்டும் என்றார்கள். புதுக்கோட்டைக்குப் போனேன். மோட்டார் இன்ஸ்பெக்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு கல்லை நட்டுவைத்து, "நடுவுல ரிவர்ஸ் எடுங்க" என்றார். மலை வளைவில் பாரம் ஏற்றி ஓட்டினவனைக் கல்லுக்கு நடுவில் பின்னால் போகச் சொல்கிறானே என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அதே திமிர், அதே மடத்தனம். ஒரு படிப்பினையும் இல்லை. வீட்டில் வந்து கண் மங்குகிறது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அதை நிஜமாக்கத் திருச்சியில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கினேன். நீ ஒருநாள் அதை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, 'அப்பா, இதில் எல்லாம் அப்படியே தெரியுதே' என்று கேட்டாய், நான் முதுகில் ஒன்று வைத்தேனே, நினைவிருக்கிறதா? அது வெறும் கண்ணாடிதான். அன்று உனக்குக் கொடுத்த அடியை நான் வாங்கியிருக்க வேண்டும். லாரி ஓட்டினவன் பஸ் கம்பெனியில் டைம்கீப்பராகி, யாரோ ஓட்டி வருகிற வண்டிக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டு திருமயத்தில் நிற்பதன் கதை இதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் கழித்துச் சின்னையா கண்டியில் கிடந்த என் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். பாரத்தைக் கிழித்ததை லாரி ஸ்டாண்டே பேசியிருக்கிறது. உன் ஆத்தா காப்பி கொடுத்துவிட்டு, எங்களுக்காக இவுக எப்பேர்ப்பட்ட பொழப்பை விட்டுட்டு வந்தாக தெரியுமா என்று அவனிடமே சொல்ல ஆரம்பித்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னையா காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "ஆமாக்கா. அண்ணன மாதிரி யாரும் வர முடியாது" என்றான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்விட்டான். அவன் இன்னும் ஐந்தாறு வருஷம் அங்கே லாரி ஓட்டிவிட்டு, முறைப்படி எல்லாம் முடித்துக்கொண்டு, தலை நிமிர்ந்து வந்து இப்போது கீரமங்கலத்தில் விவசாயம் பார்க்கிறான். வாரச் சந்தையில் எதிரே வந்தால் நான் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவேன்.

ஆகையால் மகனே, உன் கடிதத்தில் என்னைத் தூக்கிப் பிடித்துப் பேசாதே. நீ பார்த்துப் பழகுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமே என்று கேட்பாய். மாப்பிள்ளையின் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார், அவர் கண் மூடுவதற்குள் ஆனியிலேயே முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளையை மைத்துனன் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும், அதற்கு நான் இல்லாமல் எப்படி என்கிறாய். உன் சித்தப்பா மகன் இருக்கிறான், அவனுக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன. அண்ணன் இல்லையே என்று சிவகாமி அழுவாள். அழட்டும். மூன்று நாள் அழுதுவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போவாள். நீ வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் திருமயம் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்தில் நின்றால், தன்னால்தான் அண்ணன் இப்படி ஆனான் என்று அவள் ஆயுசுக்கும் அழுவாள். ஊர்க்காரர்கள் கேட்பார்கள்தான், தங்கை கல்யாணத்துக்குக்கூட வராத அண்ணன் ஒரு அண்ணனா என்று. அவர்கள் வாய்க்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். என்னை மகராசன் என்று சொன்னதும் அதே வாய்கள்தான்.

கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. மறுநாளே ஆபீஸுக்குப் போய்ப் புது விலாசத்தைச் சொல். கெடு தாண்டிப் போனதற்கு மேஜைக்குப் பின்னால் இருப்பவன் இரண்டு வார்த்தை கடிந்து பேசுவான், பேசட்டும், வாயைப் பொத்திக்கொண்டு கேள். உன் வயதுப் பையனாக இருப்பான், உன் நிறமாக இருக்க மாட்டான், அவன் ஊரில் அவன் வைத்ததுதான் சட்டம். அந்த ஊர் லைசென்ஸுக்குப் பரீட்சை எழுது, கல்லுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் எடு, நூறு தடவை எடு. போட்டோ மூன்று கேட்டால் ஆறு கொண்டுபோ. திரும்பி வரும் முத்திரைக்கும் இப்போதே எழுதிப் போடு, தீபாவளிக்கு வந்து தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் பார்க்கலாம்.

இதுவரை எழுதிவிட்டு உன் ஆத்தாளைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். உனக்கு எழுதுவதை எல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம்தானே. இதை வாசிக்காமல் ஒட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. கல்யாணத்துக்குப் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தவள் பாதியில் முறத்தைக் கீழே வைத்தாள். முடித்ததும் கேட்டாள்: "அப்ப அன்னைக்கு நான் எதுக்குங்க ஒங்க கால்ல விழுந்தேன்?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"ஒங்கப்பா மாதிரி இருடா, ஒங்கப்பா மாதிரி இருடான்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தன வருசமா அவனுக்குச் சோறு போட்டேன். இப்ப அதே மாதிரி வாரேங்கிறான்" என்றாள். முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அவன வர வேணாம்னு எழுதுங்க. ஆனா நீங்க சொல்றதா எழுதாதீங்க. இம்புட்டு எழுதியிருக்கீங்களே, இதையும் அவன் நம்ப மாட்டான். அப்பா நமக்காகத் தன்னையே தாழ்த்திக்கிட்டு எழுதியிருக்காருன்னு இன்னும் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுட்டு அடுத்த கப்பல்ல வந்து எறங்குவான். நான் சொல்றத எழுதுங்க" என்றாள்.

அவள் சொல்வது சரி. உன்னிடம் என் பேச்சு இனி எடுபடாது, நானே அப்படிச் செய்துவைத்திருக்கிறேன். கீழே இருப்பது அவள் சொல்லச் சொல்ல எழுதியது. என் சொந்தச் சரக்கு ஒரு எழுத்துக்கூட இல்லை.

'தம்பி, ஆத்தா சொல்றேன். ஒங்கப்பா எழுதியிருக்கிறது அம்புட்டும் நெசம். நீ வராத.'